நூற்றைம்பத்தொரு தட்டு

“எங்கிட்டப் படிச்சவுகள்ல ஒருத்திகூடத் தேறல. அவன்கிட்டப் படிச்சவுக எல்லாம் நல்லா இருக்காக. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கம்மா.”

கேட்டவர் சோலையப்பன் வாத்தியார். அவன் என்று அவர் சொன்னது சொந்தத் தம்பியை.

போஸ்டாபீஸ் அம்மா நடந்துகொண்டே இருந்தார். ஒரு வீட்டு வாசலில் நின்று, “தாயி, மாசக் காசு,” என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்குத் தெய்வானை என்று ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய், மாசாமாசம் சிறுசேமிப்புக் காசு வாங்கி, தபாலாபீசில் கட்டிவிட்டு வருகிறவர். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போகிற பெண்கள் கையில் நாலு காசு நிற்கிறது என்றால் அது அவரால்தான் என்பார்கள்.

அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். கற்றுக்கொண்டவர்கள், வாத்தியாரும் தம்பியும் உட்பட, ஆளுக்கொரு தெருவில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஆசிரமமெல்லாம் கிடையாது. ஒரு குடை, ஒரு பை. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும்.

வாத்தியார் நடந்தார். நாற்பத்தேழு வயசு, ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், தன்னைவிட இரண்டு வயசு இளைய ஒரு பொம்பளைக்குப் பின்னால் வெயிலில் நடந்தார். அந்த அளவுக்கு அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

*

எரியாதா பின்னே?

வாத்தியார் பன்னிரண்டு பாடம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கலர் கலராகச் சார்ட்டு. கடைசியில் பரீட்சை. போன வருஷம் முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள், முப்பத்தாறு பேர் தொண்ணூறுக்கு மேல்.

அதில் முதல் மார்க் ராக்காயி. வட்டி என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினாள். அடுத்த மாசமே அஞ்சு வட்டிக்குக் கடன் வாங்கி, ஒரு விசேஷ வீட்டுக்குப் பீரோ வாங்கிக் கொடுத்தாள்.

தம்பி வீரணனுக்குப் பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. எட்டாவதோடு நின்றவன். தோட்டத்தில் திராட்சைப் பெட்டிக்கு எடை போடுகிறவன். சனிக்கிழமை கூலி கொடுக்கிற இடத்தில் சும்மா நிற்பான், பெண்களோடு பேசிக்கொண்டே போவான், அவ்வளவுதான் வாத்தியாருக்குத் தெரியும். ஆனால் அவன் தெருப் பெண்களின் பாஸ்புத்தகம்தான் அம்மாவின் பையில் கூடிக்கொண்டே போயிற்று.

அந்தப் பையைப் பார்த்தாலே வாத்தியாருக்கு ஆகாது.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். ஆத்தா தம்பி தட்டில்தான் ஒரு கறித்துண்டு கூடுதலாக வைத்தாள் என்று இவருக்கு இன்றைக்கும் நினைப்பு.

*

மூன்று வீடு தாண்டியதும் அம்மா கேட்டார்.

“உங்க ஏழாவது பாடம் என்ன, வாத்தியாரே?”

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்.

“ஏழாம் பாடம், செய்முறைச் செலவு. உறவினர் விசேஷங்களுக்குச் சீர், மொய் எனச் செய்முறை செய்யுமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, இச்செலவு அவ்வீட்டாருக்குப் பயன்படுமா? இரண்டு, இச்செலவு நம் சக்திக்கு உட்பட்டதா? மூன்று, இச்செலவு பிறர் பார்வைக்காகச் செய்யப்படுவதா? இவற்றை மீறிக் கடன் வாங்கிச் செய்முறை செய்வது அறிவுடையோர் செயலன்று.”

“நல்ல பாடம்,” என்றார் அம்மா. “எனக்கு இவ்வளவு அழகாச் சொல்ல வராது.”

வாத்தியார் இதுதான் நேரம் என்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப சந்தை வகுப்பு எனக்குத்தானம்மா?”

சந்தை வகுப்பு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். வாரச்சந்தைக்கு வரும் எட்டு ஊர்ப் பெண்கள், இருநூறு பேருக்குக் குறையாமல், சந்தைக் கொட்டகையில் உட்காருவார்கள். இத்தனை வருஷமும் அதை அம்மாதான் எடுத்தார். இப்போது முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியவில்லை. யாரிடமாவது கொடுக்கப் போகிறார். ஒன்று அண்ணன், இல்லையென்றால் தம்பி. ஊருக்கே தெரியும்.

தம்பிக்குப் போனால் தான் உயிரோடு இருந்து பிரயோசனமில்லை என்று வாத்தியார் நினைத்தார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தார்.

“மாசி கழியட்டும்,” என்றார் அம்மா. “மாசியில உங்க தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்துல்ல?”

“ஆமா.”

“அது முடியட்டும்.”

*

தங்கச்சி பஞ்சவர்ணத்துக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் இரண்டு பேர். இரண்டு பேரும் சீர் கொண்டுபோக வேண்டும்.

வாத்தியார் முதலில் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டார். ஒரு ஜோடித் தோடு, பிள்ளைக்குத் துணி, தங்கச்சிக்குச் சேலை, பதினோரு தட்டு. கையிருப்பில் முடிந்துவிடும். தன் பாடத்துக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டார்.

பதினோரு தட்டு வாடகைக்குச் சொல்லப் பாத்திரக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சிரித்தார். “பதினொண்ணா? சின்னவர் வந்து நூத்தியொரு தட்டுக்கு வாடகை விசாரிச்சாரே சார்.”

“யாரு, வீரணனா?”

“ஆமா. தட்டுக்கு என்ன, கொட்டு நாலு செட்டுக்கு என்ன, குதிரைக்கு என்ன, பிளக்ஸ் எத்தனை அடிக்கு எவ்வளவு, எல்லாம் வாய்விட்டுக் கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு.”

“எப்ப வந்தான்?”

“போன சனிக்கிழமை. கூட ஏழெட்டுப் பொம்பளையாளுக.”

தட்டுத் தூக்க ஆள்கூடக் கூட்டிவந்துவிட்டான் என்று வாத்தியாருக்குப் பட்டது. அமுக்கமாகத் திரிந்துகொண்டு எப்படி வேலை பார்க்கிறான் பார். ஊரெல்லாம் பார்க்க நூற்றியொரு தட்டோடு அவன் வருவான், பள்ளிக்கூட வாத்தியார் பதினொன்றோடு பின்னால் வருவாரா? காதுகுத்துக்கு அம்மாவும் வருவார். பார்த்துக்கொண்டிருப்பார்.

“நமக்கு நூத்தி அம்பத்தொண்ணு எழுதுங்க,” என்றார்.

“சார்?”

“எழுதுங்கன்னா எழுதுங்க. குதிரை ரெண்டு.”

*

வீட்டில் மனைவி முத்துப்பேச்சி கழுத்திலிருந்த நாலு பவுன் செயினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

“ஏழாவது பாடத்துல என்னமோ மூணு கேள்வி வருமே?”

“அது வகுப்புல.”

“வகுப்புக்கு வெளிய வராதா?”

“பேச்சி, அவன் நூத்தியொண்ணு கொண்டுவாரான். எனக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மூத்தவன் நான்.”

“அவரு கிட்டக் கேட்டீகளா?”

“எதுக்குக் கேக்கணும்? கேட்டா இருநூறாக்கிருவான்.”

அவள் செயினைக் கொடுத்தாள். மஞ்சள் கயிற்றை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. வாத்தியார் அப்படியே சாப்பிட்டார்.

அடகுக் கடையில் வாங்கிய ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

*

குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. காலை பத்து மணி.

வாத்தியார் சீரைச் சொல்லி மாளாது. முன்னால் கொட்டு நாலு செட். ரெண்டு குதிரை, ஒன்று கொஞ்சம் நொண்டி. வழியெல்லாம் பிளக்ஸ்; ஒவ்வொன்றிலும் வாத்தியார் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு காதில் போன் வைத்திருந்தார். பின்னால் தட்டு, தட்டு, தட்டு. நூற்றுப்பத்துத் தட்டு வரைக்கும் ஏதோ சாமான் இருந்தது. அதற்குப் பிறகு வைக்க ஒன்றுமில்லாமல் தட்டுக்கு நாலு பூவன்பழம் வைத்திருந்தார்கள்.

கோயில் வாசலில் அம்மா குடையோடு நின்றிருந்தார். வாத்தியார் அவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

வந்து சேர்ந்ததும் நாலாபக்கமும் தேடினார்.

“வீரணன் சீர் இன்னும் வரலையா?”

“சின்னண்ணே சீர் அப்பவே வந்துருச்சே,” என்றாள் பஞ்சவர்ணம். “சின்னண்ணன் வீட்டு மயினி வந்து தட்டை வச்சுட்டாக. அண்ணன் உங்க பின்னாடிதான் வருது.”

வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

வரிசையின் கடைசியில், நூற்றைம்பத்தோராவது தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தான் தம்பி.

“தட்டுத் தூக்க ஆள் பத்தலன்னு கொட்டுக்காரரு சொன்னாரு,” என்றான். “அதான் நான் ஒண்ணு வாங்கிக்கிட்டேன். எங்கண்ணே இறக்க?”

“உன் தட்டு எங்கடா?”

“உள்ள இருக்குண்ணே. தோடு, துணி, பழம். ஒரு தட்டு.”

“நூத்தியொண்ணு?”

“எந்த நூத்தியொண்ணு?”

“பாத்திரக் கடையில போயி விசாரிச்சியே, ஏழெட்டுப் பேரக் கூட்டிக்கிட்டு.”

தம்பி தட்டை இறக்கிவைத்து முகத்தைத் துடைத்தான்.

“ஓ, அதுவா. தோட்டத்துல எட்டுப் பொம்பளையாளுக வீட்டுல இந்த மாசி விசேஷம்ணே. எல்லாம் பெரிசாச் செய்யணும்னு கூலியக் கையில வச்சுக்கிட்டு நின்னாக. வேண்டாம்னு சொன்னாக் கேப்பாகளா? சரி, போயி விலையக் கேட்டுட்டு வருவோம், இன்னைக்கு எதையும் வாங்கக் கூடாது, கேக்க மட்டும் செய்வோம்னு கூட்டிட்டுப் போனேன். கேட்டோம். திரும்பி நடந்தே வந்தோம். ரெண்டு மைல் இருக்கும்ல. வார வழியில அவுகளாவே ஒவ்வொண்ணாக் குறைச்சுக்கிட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நடந்தேன்.”

வாத்தியாருக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. நாலு செட்டுக் கொட்டும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

இதற்கு அவன் நூற்றியொரு தட்டோடு வந்திருக்கலாம் என்று நினைத்தார். இருநூறோடு வந்து தன்னைத் தோற்கடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. தன் தட்டையே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான் படுபாவி.

“பெரியண்ணே, வாங்க,” என்று கூப்பிட்டாள் தங்கச்சி. “நேரமாகுது.”

மூத்த மாமன் மணையில் உட்கார்ந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை அவர் மடியில் வைத்தார்கள். ஆசாரி காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுது, மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் இருந்த ரசீது கசங்கியது.

*

மறுநாள் வாத்தியார் அம்மாவைத் தேடிப் போனார். மேலத்தெருவில் பிடித்தார். கூடவே நடந்தார்.

ஏழு வீடு முடிந்தது.

“சந்தை வகுப்பத் தம்பிக்கே கொடுத்துருங்கம்மா,” என்றார் வாத்தியார்.

“மனசாரச் சொல்றீகளா?”

வாத்தியார் யோசித்தார்.

“இல்ல,” என்றார். “வயிறு எரியத்தான் சொல்றேன்.”

“அது பரவாயில்ல,” என்றார் அம்மா. “பிள்ளைய யாரு மடியில வச்சுக் குத்துனாக?”

“நீங்கதான் பாத்தீகளே. என் மடியில.”

“தம்பி மடியக் கேட்டாரா?”

“அவன் எதுக்குக் கேக்கான்? மூத்த மாமன் மடியிலதான் வைக்கிறது. எங்க அப்பன் தாத்தன் காலத்து வழக்கம்.”

“பதினோரு தட்டு கொண்டு போயிருந்தா?”

“அப்பவும் என் மடிதான்.”

“தட்டே கொண்டு போகலன்னா?”

வாத்தியார் கை சட்டைப் பைக்குப் போனது.

அம்மா குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். “தாயி, மாசக் காசு,” என்று குரல் கொடுத்தார். வாத்தியார் தெருவிலேயே நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது.

காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அம்மா திரும்பி வந்தார்.

“சட்டைப் பையில என்ன வாத்தியாரே, தொட்டுத் தொட்டுப் பாக்குறீக?”

“அடகு ரசீது. முத்துப்பேச்சி செயின்.”

“வார ஞாயித்துக்கிழமை சந்தை வகுப்பு நீங்க எடுங்க.”

வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

“நானா? நேத்து நீங்க பாத்தீகல்ல?”

“பாத்தேன்.”

“தம்பிதானம்மா ஒழுங்கா இருக்கான்.”

“ஆமா. அவருக்குச் சின்ன வயசுலருந்தே அப்படி. யாரு எத்தனை தட்டு கொண்டு வந்தாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்பறம் நான் எதுக்கு?”

“சார்ட்டை வீட்டுல வச்சுட்டு வாங்க. அந்த ரசீத மட்டும் கொண்டாங்க.”

*

ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கொட்டகை நிறைந்திருந்தது. காய்கறிப் பையும் கருவாட்டு வாசமுமாக இருநூறு பெண்கள். கொட்டாவி விடத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். வாத்தியாரின் வகுப்பு எப்படி இருக்கும் என்று அவரிடம் படித்த கீழத்தெருப் பெண்கள் மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள்.

முதல் வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வந்திருந்தான். அண்ணன் வகுப்பு எடுக்கிறதைப் பார்க்கிற சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் வாத்தியாருக்கு மறுபடி சுருக்கென்றது. இந்தப் பயலுக்கு இது மட்டுமாவது வலிக்கக் கூடாதா?

பின்வரிசையில், தூணோரம், முத்துப்பேச்சி நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு.

வாத்தியார் எழுந்தார். கையில் சார்ட்டு இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏழாம் பாடம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தார். நாலு மடிப்பையும் பிரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

“என் வீட்டுக்காரி செயின்,” என்றார். “நாலு பவுன். நான் அடகு வச்சேன். நூத்தி அம்பத்தொரு தட்டுக்கு. அதுல நாப்பத்தொரு தட்டுல வெறும் வாழைப்பழம்.”

ஒருத்தி பையைக் கீழே வைத்தாள்.

வாத்தியாருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார்.

அப்போது நடு வரிசையில் ராக்காயி எழுந்தாள். நூற்றுக்கு நூறு வாங்கிய அதே ராக்காயி. வகுப்பில் ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்காதவள்.

“யாரப் பாத்து சார் வச்சீக?”

வாத்தியார் முதல் வரிசையைக் கை காட்டினார்.

“எந்தம்பிய.”

யாரும் சிரிக்கவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ராக்காயி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அவிழ்த்தாள். உள்ளேயிருந்து மடித்த வட்டிக்கடன் சீட்டு ஒன்றை வெளியே எடுத்தாள்.

“எனக்கு, எங்க நாத்தனா,” என்றாள்.